வீட்டைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உடைத்து அகற்ற ஒப்பந்ததாரரை அமர்த்துவது எப்படி?

சென்னையிலும் அதன் புறநகரிலும் தனி வீடு வைத்திருப்பவர்களில் பலர், ஒரு காலத்தில் சேறும் புல்லும் வேண்டாம் என்று மதிலுக்கு மதில் பூசிவிட்ட சிமெண்ட் தரையை இப்போது உடைத்து எடுக்க விரும்புகிறார்கள். மழைநீர் மண்ணில் இறங்க வேண்டும் என்பது சிலருடைய காரணம். தரை உள்வாங்கி வெடித்துவிட்டது, சாக்கடைக் குழாயை மாற்ற வேண்டும், மரம் வைக்க இடம் வேண்டும் என்பவை மற்றவர்களுடைய காரணங்கள். காரணம் எதுவானாலும் முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: சதுர அடிக்கு என்ன கூலி? அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உடைப்பது இந்த வேலையின் எளிய பகுதி. எதை உடைக்கக் கூடாது, உடைத்தது எங்கே போகப்போகிறது என்ற இரண்டும் எழுத்தில் இல்லாவிட்டால் குறைந்த கூலிக்குப் பேசி முடித்த வேலையும் அதிகச் செலவில்தான் முடியும்.

இந்தக் கட்டுரை, தனி வீட்டின் முன்வாசலிலும் பக்கவாட்டுச் சந்திலும் மண்ணின் மீது போடப்பட்ட கான்கிரீட் தரையை அகற்றுவதைப் பற்றியது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், பொது இடத்தின் தரையைத் தொடுவதற்கு முன் உரிமையாளர் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும்.

முதலில்: தரையா, தாங்கும் தளமா?

மண்ணின் மேல் நேரடியாகப் படிந்திருக்கும் தரையை உடைத்தால் எதுவும் கீழே விழாது. போர்ட்டிகோ கூரை, சன்ஷேட், பால்கனி, படிக்கட்டு ஆகியவை அப்படியல்ல. அவை கம்பி கட்டிய தளங்கள், தம் எடையைச் சுவரிலோ தூணிலோ இறக்கி நிற்பவை. குறிப்பாகச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடிலும் பால்கனியிலும் முக்கியக் கம்பி மேற்பகுதியில் ஓடுகிறது. மேலே நின்றுகொண்டு சுவரோரத்தில் அந்தக் கம்பியை வெட்டினால் முழுத் தளமும் ஆளோடு சேர்ந்து கீழே வரும். இப்படிப்பட்டவற்றை அகற்ற வேண்டுமானால் ஒப்பந்ததாரரைத் தேடும் முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். எங்கே ஜாக்கி கொடுக்க வேண்டும், எந்த முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டடங்களை இடிப்பதில் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்புக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4130 என்ற நெறிமுறை இருக்கிறது. அதை அறிந்த பொறியாளர் மேற்பார்வையில்தான் தாங்கும் தளத்தில் கை வைக்க வேண்டும்.

வெறும் தரை என்று தோன்றும் இடத்திலும் தாங்கும் தளம் ஒளிந்திருக்கும். பழைய வீடுகளில் கார் நிற்கும் இடத்துக்கு அடியிலேயே தண்ணீர் சம்ப் இருப்பது வழக்கம். அதன் மூடி மட்டும் வெளியே தெரியும், சம்பின் கூரை சிமெண்ட் தரையோடு ஒன்றாகப் பூசப்பட்டிருக்கும். செப்டிக் டேங்கும் அப்படியே. பாதாளச் சாக்கடை இணைப்பு வந்த பிறகு பயன்படுத்தாமல் மூடிவிட்ட பழைய செப்டிக் டேங்க் இருக்கும் இடம் இன்றைய வீட்டுக்காரருக்கே தெரியாமல் போயிருக்கலாம். சிறு சுத்தியலால் தரை முழுவதையும் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் இருக்கும் இடத்தில் ஓசை மாறும். வீட்டை வாங்கியவராக இருந்தால் பழைய வரைபடத்தைத் தேடி எடுங்கள். முன்பு இருந்தவர்களையோ தெருவில் நெடுநாள் வசிப்பவர்களையோ கேட்பதும் நல்ல வழி.

எவ்வளவு அகற்ற வேண்டும்?

எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் சுவரையொட்டி இரண்டரை முதல் மூன்று அடி அகலத்துக்குச் சரிவாகப் போடப்பட்டிருக்கும் தரைப்பட்டை ஒரு காரணத்தோடு இருக்கிறது. அது மழைநீர் அஸ்திவாரத்தின் ஓரமாகவே இறங்காமல் தள்ளிவிடுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளின் மணல் தண்ணீரை உடனே கீழே விட்டுவிடும். களிமண் பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே ஈரம் ஏறினால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்த அசைவு ஆழம் குறைந்த அஸ்திவாரத்தைத் தொட்டால் சுவரில் வெடிப்பு வரும். ஆகவே களிமண் நிலத்தில் சுவரையொட்டிய பட்டையை விட்டுவிட்டு மற்றதை அகற்றுவதே என் பரிந்துரை. பக்கவாட்டுச் சந்து நான்கடிதான் என்றால், சுவரோரம் பட்டையையும் மதிலோரம் திறந்த மண்ணையும் வைத்துக்கொள்ளலாம்.

வாசற்கதவுக்கு வெளியே, மழைநீர் வடிகாலின் மேல் கார் ஏறுவதற்காகப் போட்ட சரிவு உங்கள் நிலத்தில் இல்லை. அதன் அடியில் இருப்பது மாநகராட்சியின் வடிகால். உங்கள் மனைக்குள் இருக்கும் தரையை அகற்ற வழக்கமாகக் கட்டட அனுமதி தேவைப்படுவதில்லை என்றாலும், கதவுக்கு வெளியே கை வைப்பதாக இருந்தால் உங்கள் வார்டின் உதவிப் பொறியாளரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

அளந்து, கணக்கிட்டு வைத்துக்கொள்ளுதல்

ஒப்பந்ததாரர் வருவதற்கு முன் உங்கள் கையில் கணக்கு இருக்க வேண்டும். ஓரமாக எங்காவது ஒரு முழ அளவுக்கு உடைத்துத் தடிமனைப் பாருங்கள். முன்வாசல் தரை பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு அங்குலம் இருக்கும். கார் நிறுத்துவதற்காகப் போட்ட இடத்தில் ஆறு அங்குலமும் இருக்கலாம், கம்பி வலையும் இருக்கலாம். ஒரு தரையின் மேல் இன்னொரு தரை போட்ட வீடுகளும் உண்டு. தெரு உயரும்போதெல்லாம் வாசலையும் உயர்த்தியவர்கள் வீட்டில் இரண்டு அடுக்கு சாதாரணம். மேலடுக்கை மட்டும் பார்த்து விலை பேசிய ஒப்பந்ததாரர் கீழடுக்கைக் கண்டதும் வேலையை நிறுத்திப் பணம் கேட்பார், அது நியாயமும் கூட. ஆகவே ஒரே இடத்தில் பார்க்காமல் இரண்டு மூன்று இடங்களில் உடைத்துப் பார்ப்பது நல்லது.

எடுத்துக்காட்டாக, முன்வாசல் இருபதுக்குப் பத்து அடி, பக்கவாட்டுச் சந்து முப்பதுக்கு நான்கு அடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 320 சதுர அடி. நான்கு அங்குலத் தடிமனில் இது ஏறத்தாழ 107 கன அடி. ஒரு கன அடி கான்கிரீட் சுமார் 68 கிலோ எடை இருக்கும். ஆக, அகற்ற வேண்டியது ஏழு டன்னுக்கு மேல். உடைத்த துண்டுகளுக்கு இடையே இடைவெளி விழுவதால் கன அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகி 160 கன அடியைத் தொடும். மணலுக்கும் ஜல்லிக்கும் நூறு கன அடியை ஒரு யூனிட் என்று கணக்கிடும் அதே வழக்கில் சொன்னால், ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். டிப்பர் லாரி தெருவுக்குள் வர முடிந்தால் ஒரே நடையில் போய்விடும். குட்டி யானை மட்டுமே நுழையக்கூடிய சந்தாக இருந்தால், ஒரு நடைக்கு முக்கால் டன் என்ற கணக்கில், சுமார் பத்து நடை ஆகும். சிமெண்ட் சாக்கில் நாற்பது கிலோ வீதம் கட்டித் தூக்குவதானால் 180 மூட்டை. சிறிய வாசல்தானே என்று நினைத்திருந்தவர்களுக்கு இந்த எண்களைப் பார்த்த பிறகுதான் கூலியில் பெரும்பங்கு சுமப்பதற்கும் வண்டிக்கும் போகிறது என்பது விளங்கும்.

தரைக்கு அடியில் என்ன ஓடுகிறது?

இந்தப் படியை ஒருபோதும் ஒப்பந்ததாரரிடம் விட்டுவிடாதீர்கள். சென்னை மாநகரின் பெரும்பகுதியில் மின்சாரம் புதைவடம் வழியாக வருகிறது. தெருவோரப் பெட்டியிலிருந்து உங்கள் மீட்டருக்கு வரும் வடம் பெரும்பாலும் முன்வாசல் தரைக்கு அடியில்தான் கிடக்கும். மீட்டருக்கு முன்னால் இருக்கும் அந்தப் பகுதியை உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைப்பதால் செயலிழக்கச் செய்ய முடியாது. கான்கிரீட்டை உடைக்கும் இயந்திரமான பிரேக்கரின் உளி அதில் இறங்கினால் உயிர் போகும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போய் வடம் எந்தப் பக்கமாக வருகிறது என்று கேட்டு, தேவையானால் வேலை நடக்கும் நேரத்துக்கு மின் இணைப்பைத் துண்டித்துத் தருமாறு எழுதிக் கொடுங்கள். மின்னகம் உதவி எண்ணான 94987 94987-இலும் பேசலாம். வடம் செல்லும் தடத்தில் இயந்திரம் வேண்டாம், கைச்சுத்தியலும் உளியும் போதும் என்று சொல்லிவிடுங்கள். அங்கே கடப்பாரையும் வேண்டாம்.

அதற்கு அடுத்தது குடிநீர் வாரியத்தின் குழாய், சாக்கடைக் குழாய், அவற்றின் சேம்பர்கள் (மூடி போட்ட சிறு தொட்டிகள்). இரண்டு சேம்பர்களுக்கு இடையே நேர்கோடு போட்டால் அதுதான் பெரும்பாலும் சாக்கடைக் குழாயின் தடம். பழைய வீடுகளில் இருக்கும் மண் குழாய், அருகில் பிரேக்கர் அதிர்ந்தாலே விரிசல் விடும். ஆழ்துளைக் கிணற்றின் கேசிங் குழாயை இறுக மூடிவைக்க வேண்டும். உள்ளே ஒரு கான்கிரீட் துண்டு விழுந்து மோட்டாருக்கு மேல் சிக்கிக்கொண்டால் மோட்டாரை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிடும். எர்த் பிட் (மின்சாரத்துக்கான நில இணைப்புக் குழி), மழைநீர் சேகரிப்புக் குழி, மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய், சம்புக்குப் போகும் மோட்டார் வயர், குழாய் எரிவாயு இணைப்பு இருந்தால் அதன் தடம் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் வரைந்து, தரையிலும் சுண்ணாம்புப் பொடியாலோ பெயிண்டாலோ கோடு போட்டுவிடுங்கள். அந்தத் தாளை ஒப்பந்ததாரரிடம் கொடுப்பது பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

யாரைத் தேடுவது, எப்படிக் கேட்பது?

கான்கிரீட் உடைப்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். கைப்பிடி எலக்ட்ரிக் பிரேக்கரும் நான்கைந்து ஆட்களும் வைத்திருக்கும் சிறிய குழுவினர் உண்டு. டிராக்டரில் கம்ப்ரசர் பொருத்தி, நீண்ட குழாயோடு காற்று பிரேக்கர் கொண்டுவருபவர்கள் உண்டு. ஜேசிபி வைத்து வீடுகளையே இடிப்பவர்கள் வேறு. நாம் எடுத்துக்கொண்ட நான்கு அங்குலத் தரைக்கு முதல் வகையினரே போதும். ஆறு அங்குலமும் கம்பியும் இருந்தால் கம்ப்ரசர் வேலையை விரைவாக முடிக்கும், ஆனால் சத்தமும் அதிர்வும் அதிகம். நான்கடிச் சந்தில் ஜேசிபி நுழையாது. முன்வாசலில் நுழைந்தாலும் சம்புக்கு மேல் ஏறிவிடும் ஆபத்து இருப்பதால், குடியிருக்கும் வீட்டின் வாசலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேடுவதற்கு நல்ல இடம், உங்கள் பகுதியில் அண்மையில் வாசலை உடைத்து வேலை செய்த வீடுதான். அந்த வீட்டுக்காரரிடம் கூலியைப் பற்றி மட்டும் பேசாமல், கடைசி நாளில் தெருவைக் கூட்டிவிட்டுப் போனார்களா, குழாய் உடைந்திருந்தால் யார் சரிசெய்தது என்று கேளுங்கள். கட்டுமானப் பொருள் விற்கும் கடைக்காரர்களுக்கும் பிளம்பர்களுக்கும் இந்த ஆட்களை நன்றாகத் தெரியும். மூன்று பேரையாவது நேரில் வரவழையுங்கள். கைப்பேசியில் சதுர அடி கேட்டு அந்த நொடியே விலை சொல்பவரை அந்த மூவரில் சேர்க்க வேண்டாம்.

வந்து பார்ப்பவர் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். அனுபவமுள்ளவர் தரையை மிதித்தும் தட்டியும் பார்ப்பார், சம்ப் எங்கே என்பார், மதில் யாருடையது என்பார், லாரி எந்த முனை வரை வரும், எத்தனை மணிக்கு மேல் தெருவில் வண்டி நிறுத்தலாம் என்று விசாரிப்பார். இந்தக் கேள்விகள் ஒன்றுமே இல்லாமல், நீங்கள் கேட்பதற்கெல்லாம் “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்று மட்டும் சொல்பவரிடம், எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் சரி. வராவிட்டால் மரியாதையாக வழியனுப்பிவிடலாம்.

நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியவை சில உண்டு. வேலைக்கு வருபவர்கள் அவருடைய ஆட்களா, அன்றன்று கூட்டிவருபவர்களா? அவர் நாள் முழுதும் இருப்பாரா, அல்லது மேஸ்திரியிடம் விட்டுப் போவாரா? ஆட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களா? பதிவு இருந்தால் விபத்தில் உயிரிழப்போ ஊனமோ ஏற்படும்போது வாரியத்தின் உதவித்தொகைக்கு அவர்களுக்கு வழி இருக்கிறது. வேலையிடத்தில் காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கூலித் தொழிலாளியின் காலில் ஒரு துண்டு விழுந்தால் அவருடைய ஒரு மாத வருமானம் போய்விடும். அந்த நேரத்தில் நீங்களும் ஒப்பந்ததாரரும் வாதிட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவே முன்கூட்டியே பேசுகிறோம்.

மூன்று விலைகளை ஒப்பிடுதல்

ஒருவர் சதுர அடிக் கணக்கில் சொல்வார், இன்னொருவர் மொத்தமாகச் சொல்வார், மூன்றாமவர் ஆள் கூலியும் இயந்திர வாடகையும் தனித்தனியே சொல்வார். இவற்றை அப்படியே அடுக்கி எது குறைவு என்று பார்ப்பதில் பொருளில்லை. மூவரிடமும் ஒரே வேலையை விவரித்து, உடைத்தல், மூட்டை கட்டி வெளியே சுமத்தல், வண்டி, கொட்டுமிடக் கட்டணம், மண்ணைச் சமன்செய்தல் என்று ஐந்து இனங்களையும் சேர்த்த மொத்தத் தொகையைக் கேளுங்கள். தடிமன் சொன்னதைவிட ஓர் அங்குலம் கூடினால் எவ்வளவு கூடும் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். நாள் கூலிக்கு இந்த வேலையைக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. உடைப்பது விரைவாக முடிந்து சுமப்பது இழுத்துக்கொண்டே போகும் வேலையாதலால், எத்தனை நாள் ஆகும் என்பதைப் புதியவர்களால் மதிப்பிட முடியாது.

கம்பி இருந்தால் அது யாருக்கு என்பதையும் பேச வேண்டும். எட்டு மில்லிமீட்டர் கம்பியை இருபுறமும் ஆறங்குல இடைவெளியில் கட்டியிருந்தால், நாம் பார்த்த 320 சதுர அடியில் சுமார் 150 கிலோ இரும்பு இருக்கும். பழைய இரும்புக்குக் கிலோ விலை உண்டு. ஒப்பந்ததாரர் எடுத்துக்கொள்வதானால் அதைக் கழித்து விலை சொல்லச் சொல்லுங்கள். வெறும் தரையில் கம்பி இல்லாமலும் இருக்கலாம், சோதனைக்கு உடைத்த இடமே அதைக் காட்டிவிடும்.

ஜி.எஸ்.டி. சேர்த்துக் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு அரசு இணையதளத்தில் சரிபாருங்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை உங்களிடம் வசூலிக்க முடியாது. சிறிய குழுவினர் பலருக்குப் பதிவு தேவைப்படும் அளவுக்கு ஆண்டு வருமானம் இருக்காது, அதனால் மட்டுமே அவர்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இடிபாடு எங்கே போகிறது?

விலை மிகக் குறைவாக இருந்தால் இந்த இடத்தில்தான் அதற்கான காரணம் இருக்கும். வண்டியில் ஏற்றிய ரப்பிஷை இரவில் ஏரிக்கரையிலோ காலி மனையிலோ கொட்டிவிட்டால் தூரமும் மிச்சம், கட்டணமும் மிச்சம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. நகரின் தென்பகுதி வெள்ளத்தை உள்வாங்க வேண்டிய அந்தச் சதுப்பின் ஓரங்கள் கட்டட இடிபாட்டாலும் குப்பையாலும் சுருங்கியிருக்கின்றன. மழைநீர் மண்ணில் இறங்கட்டும் என்று தன் வாசலை உடைப்பவர், அந்த உடைசலைக் கொண்டே ஒரு நீர்நிலையை மூடக் காரணமாகக் கூடாது. சட்டமும் இதையே சொல்கிறது. கட்டுமான, இடிபாட்டுக் கழிவுகளுக்கென ஒன்றிய அரசு 2016-இல் கொண்டுவந்த விதிகள், அவற்றைச் சாலையிலோ வடிகாலிலோ கொட்டாமல் உள்ளாட்சி ஒதுக்கிய இடத்தில் சேர்க்கும் பொறுப்பைக் கழிவை உண்டாக்குபவர் மீதே வைத்தன. உண்டாக்குபவர் என்றால் வீட்டுக்காரர். புதிய விதிகள் 2025-இல் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அமைந்தன.

பெருநகரச் சென்னை மாநகராட்சிக்கு இடிபாட்டுக் கழிவுகளை அரைத்துப் பிரிக்கும் ஆலைகள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. அங்கே கான்கிரீட் மீண்டும் ஜல்லியாகவும் மணலாகவும் பிரிக்கப்படுகிறது. உங்கள் மண்டலத்தில் கழிவைச் சேர்க்கும் இடம் எது, இப்போதைய கட்டணம் என்ன என்பதை 1913 என்ற மாநகராட்சி எண்ணில் கேட்டு, அந்த இடத்தின் பெயரையே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வேறு ஊர்களில் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

இன்னொரு நல்ல வழியும் உண்டு. அருகில் யாராவது புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தால் பேஸ்மெண்டை நிரப்ப உடைந்த கான்கிரீட்டை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். பிளாஸ்டிக், டைல்ஸ், மரத்துண்டு எதுவும் கலக்காமல் தனியாக வைத்திருந்தால்தான் அவர்களுக்குப் பயன்படும். அப்படிக் கொடுத்தால் அந்த மனை உரிமையாளரிடம் ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள்.

எழுதிக்கொள்ள வேண்டியவை

பத்திரம் தேவை என்று எண்ணி இந்தப் படியைத் தாண்டிவிடுபவர்கள் பலர். இந்த அளவிலான வேலைக்கு ஒரு வெள்ளைத்தாளில் தெளிவாக எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரிமாறிக்கொண்டாலே போதுமான சான்று கிடைக்கும். அதில் ஒப்பந்ததாரரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், அகற்ற வேண்டிய பரப்பு, தடிமன், சேர்த்துப் பேசிய மொத்தத் தொகை, தொடங்கும் நாள், முடிக்கும் நாள் ஆகியவை இருக்கட்டும். நீங்கள் வரைந்த குழாய், வடத் தடத்தை அதே தாளின் பின்புறத்தில் வரைந்து, அதன் கீழும் அவர் கையொப்பத்தைப் பெறுங்கள். இந்த ஒரு கையொப்பம் பின்னால் பல வாக்குவாதங்களைத் தடுக்கும். வரைந்து காட்டிய குழாய் உடைந்தால் அவர் செலவு, வரைபடத்தில் இல்லாத குழாய் உடைந்தால் உங்கள் செலவு என்று வெளிப்படையாக எழுதிவிடலாம். இருவருக்கும் அது நியாயம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஆட்களையும் இயந்திரத்தையும் கொண்டுவரும் நாளில் ஐந்தில் ஒரு பங்கு, உடைத்து முடித்ததும் ஐந்தில் இரண்டு, தெரு உட்பட எல்லாம் சுத்தமானதும் மீதி என்று பிரிப்பது நல்லது. சுமக்கும் வேலைதான் கடைசியில் கைவிடப்படும் என்பதால் கணிசமான பங்கு அதற்காக நிற்க வேண்டும். முன்பணமாகப் பாதிக்கு மேல் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். ரொக்கமாகக் கொடுப்பதைவிட யு.பி.ஐ. வழியாக அனுப்பினால் தேதியும் தொகையும் தாமாகவே பதிவாகிவிடும்.

வேலை நடக்கும் நாட்கள்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களைத் தவிர்க்கவும். சுவரோரம் திறந்துகிடக்கும் மண்ணில் தண்ணீர் தேங்கினால் நல்லதற்கில்லை. தை பிறந்த பிறகு தொடங்கினால் அடுத்த மழைக்குள் மண் பதிந்து, செடியோ கல்லோ எது வைப்பதாக இருந்தாலும் நேரம் கிடைக்கும்.

இரண்டு மூன்று நாள் முன்னதாகவே பக்கத்து வீடுகளில் நேரில் சொல்லிவிடுங்கள். குழந்தைக்குத் தேர்வு, வீட்டில் நோயாளி என்று ஏதாவது இருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானவை. குடியிருப்புத் தெருவில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்துக்குள் பிரேக்கர் ஓடினால் போதும். பொது மதிலிலும் பக்கத்து வீட்டுச் சுவரிலும் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களை, அவர்களையும் உடன் வைத்துக்கொண்டு, தேதி தெரியும்படி படமெடுங்கள். பழைய மதில்களின் அஸ்திவாரம் ஆழமில்லாதது. ஆகவே மதிலிலிருந்து இரண்டடி வரை கைச்சுத்தியலால் உடைக்கச் சொல்லுங்கள். விட்டுவைக்கப் போகும் சுவரோரப் பட்டையின் விளிம்பில் முதலில் கட்டர் இயந்திரத்தால் கோடு வெட்டிய பிறகே பிரேக்கரைத் தொடங்க வேண்டும். வெட்டாமல் உடைத்தால் வெடிப்பு விட்டுவைக்கும் பக்கத்துக்கும் ஓடும். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே எக்காரணம் கொண்டும் தோண்டக் கூடாது.

தூசியை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கான்கிரீட் தூசியில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கி, நாளடைவில் சிலிகோசிஸ் நோயாகும். அதற்குத் தீர்வான மருத்துவம் இல்லை. தினமும் இதே வேலை செய்யும் தொழிலாளிக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும், என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் காலணியும் அணிந்தே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கொண்டுவராவிட்டால் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பெரிய செலவில்லை. தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருப்பதால், பிரேக்கரைச் செருகும் இணைப்பு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வருகிறதா என்று உங்கள் எலக்ட்ரீஷியனிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒட்டுப்போட்ட வயரை அனுமதிக்காதீர்கள்.

ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் எண் தெரியும்படி படம் எடுங்கள். எடைமேடை ரசீதையோ கொட்டுமிடத்தின் ரசீதையோ அன்றன்றே வாங்குங்கள். நம் கணக்கு ஏழு டன் என்றால் ரசீதுகளின் கூட்டுத்தொகையும் அதையொட்டி இருக்க வேண்டும். மூன்று டன்னுக்குத்தான் ரசீது இருக்கிறது என்றால் மீதி எங்கே போயிற்று என்று கேட்பது உங்கள் உரிமை, கடமையும் கூட.

கணக்கு முடிப்பதற்கு முன்

கடைசித் தொகையைக் கொடுப்பதற்கு முன் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, ஒவ்வொரு சேம்பரிலும் தண்ணீர் தங்குதடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். சேம்பருக்குள் உடைசல் விழுந்திருந்தால் இப்போதே தெரிந்துவிடும். சம்பை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, ஓர் இரவு கழித்து மட்டத்தை அளந்து பார்த்தால் அதன் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறதா என்பது புரியும். எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியன் சோதிக்கட்டும். வீடு கட்டும்போது கரையான் தடுப்பு மருந்து அடித்திருந்தால், சுவரோர மண்ணைக் கிளறிய இடங்களில் மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும், அதைத் தனி ஆளிடம் கொடுங்கள். திறந்த மண்ணின் சரிவு வீட்டிலிருந்து வெளிப்புறமாக இருக்கிறதா என்பதை ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதும். தெருவிலும் வடிகால் வாயிலிலும் கிடக்கும் துண்டுகளும் தூளும் அவருடைய வேலையின் பகுதிதான்.

பேசியபடி முடிக்காமல் ஒப்பந்ததாரர் நின்றுவிட்டால், முதலில் குறையை வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்டிலும் எழுதி, சரிசெய்ய ஒரு நாள் குறித்துக் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்காக இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடவும் முடியும். அந்தப் புகாரோடு இணைக்க வேண்டியவை, கையொப்பமிட்ட தாள், பின்புறத்து வரைபடம், பணம் அனுப்பிய பதிவுகள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், வண்டி ரசீதுகள் ஆகியவையே.